‘சாப்டர் 4 சீக்கிரமே வருது’ன்னு சொல்லி மூணு வருஷம்

வாசகர் கேள்வி பதில்

போன மாசம் விஷுவல் நாவல், அதாவது படத்தோட படிக்கிற கதை கேம், பத்தி ஒரு சின்ன பதில் எழுதியிருந்தேன். அதுக்கப்புறம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயந்தான், ஆசையா வாங்கின கேம செஞ்சவங்களே கண்டுக்காம விட்டுட்டாங்கங்கற வருத்தம். அதனால இந்த தடவை முழு பக்கமும் அதுக்கே. கடிதங்கள்ல இருந்த கேம் பேரு, ஆளுங்க பேரு எல்லாத்தையும் நானே எடுத்துட்டேன்.

அண்ணா வணக்கம். நான் கேம் எல்லாம் பெருசா ஆடுற ஆள் இல்ல, கதை படிக்கிற ஆள். ஃப்ரெண்ட் ஒருத்தி சொல்லி 2021-ல எர்லி ஆக்சஸ்ல, அதாவது செஞ்சு முடிக்கறதுக்கு முன்னாடியே விக்கறப்ப, ஒரு இண்டி (சின்ன டீம் சொந்தமா செஞ்ச) விஷுவல் நாவல் வாங்கினேன், 529 ரூபாய். கடலோர ஊர்ல ஒரு பழைய ரேடியோ ரிப்பேர் கடை, அங்க வேலைக்கு வர்ற பொண்ணு, ஒரு ரேடியோவுக்குள்ள யாரோ மடிச்சு வெச்ச லெட்டர், இப்படிப் போகும் கதை. மொத்தம் 6 சாப்டர்னு போட்டிருந்தாங்க, மூணு வந்துச்சு. மூணாவது முடியுறப்ப அவ ஸ்டேஷன்ல நிக்கிறா, லெட்டர் எழுதினவர் ட்ரெயின்ல இருந்து இறங்கி வர்றாரு, ஏதோ சொல்ல வாயத் திறக்குறாரு, ஸ்க்ரீன் கருப்பாயிடுது, ‘தொடரும்’. அது 2022 கடைசி. அப்புறம் ஒரே ஒரு போஸ்ட், ‘சாப்டர் 4 ஸ்கிரிப்ட் முடிஞ்சது, ஆர்ட் போயிட்டிருக்கு, சீக்கிரமே வருது’ன்னு. அத்தோட சரி. கேலரியில 24 கட்டம் இருக்கு, 11 தொறந்திருக்கு, மிச்சம் 13-லயும் பூட்டு படம். ரெண்டாவது சாப்டர்ல ஒரு எடத்துல லெட்டர கிளிக் பண்ணா கேம் க்ராஷ் ஆகும், கன்ட்ரோல் கீய அழுத்தி வேகமா தாண்டினா தப்பிச்சுக்கலாம்னு ஆடுறவங்களே கண்டுபிடிச்சு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிறாங்க, அதக்கூட அவங்க சரி பண்ணல. ஆனா கேம் இன்னும் விக்குது, தள்ளுபடியில கூட வருது. வீட்டுக்காரர்கிட்ட சொன்னா ‘ஐநூறு ரூபாய்க்கா இவ்ளோ புலம்பல்’ங்கறாரு. காசுக்காக இல்லண்ணா. இதுக்கு இவ்ளோ வருத்தப்படறது சரியா? நான் ஏமாந்துட்டேனா? (வாசகி, கோயம்புத்தூர்)

வருத்தப்படறது சரிதான்மா, அதுக்கு யாருக்கும் நீங்க கணக்கு சொல்ல வேண்டியதில்ல. மத்த கேம் பாதியில நின்னாலும் கெடைச்ச வரைக்கும் கையில ஒரு விளையாட்டு இருக்கும், ரேஸ் கேம்ல பத்து ட்ராக்குன்னு சொல்லிட்டு ஆறு குடுத்தாங்கன்னா அந்த ஆறுலயும் வண்டி ஓட்டலாம், ஓட்டின சந்தோஷம் எங்கயும் போகாது. விஷுவல் நாவல்ல அப்படிக் கிடையாது. படிக்கிறோம், நடுநடுவுல எதச் சொல்லலாம் எங்க போகலாம்னு தேர்ந்தெடுக்கிறோம், வேற ஒண்ணும் செய்யறதில்ல, அங்க கதைதான் கேம். ஒவ்வொரு வரிக்கும் நாமளே கிளிக் பண்ணி, அந்தப் பொண்ணு மூஞ்சி மாறுறதப் பாத்துக்கிட்டே, ராத்திரி ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு மணிக்கணக்கா அந்தக் கடையிலயே உக்காந்திருந்திருக்கோம். முதல் சாப்டர்ல லெட்டரப் படிக்கலாமா, படிக்காம உரியவங்ககிட்ட சேத்துடலாமான்னு உங்களையே முடிவெடுக்க வெச்சிருப்பாங்க இல்லையா, அதுக்குப் பலன் அஞ்சாவது ஆறாவது சாப்டர்லதான் தெரியுற மாதிரி எழுதுவாங்க. அது வரலன்னா நீங்க எடுத்த முடிவும் சேர்ந்து அந்தரத்துல நிக்குது. படிச்ச புக்ல கடைசிப் பக்கம் கிழிஞ்சிருந்தா வேற காப்பி தேடலாம், இங்க அந்தப் பக்கத்த இன்னும் யாரும் எழுதவே இல்ல, அதான் இவ்ளோ உறுத்துது.

ஏமாந்தீங்களான்னா, 2021-ல உங்கள ஏமாத்தணும்னு யாரும் ஆரம்பிச்சிருக்க மாட்டாங்கன்னுதான் நான் நினைக்கிறேன். ‘ஸ்கிரிப்ட் முடிஞ்சது, ஆர்ட் போயிட்டிருக்கு’ங்கற வரிய நான் எத்தனையோ கேம்ல கடைசி வரியா பாத்துட்டேன், அது பொய்யா இருக்கறது கம்மி, பெரும்பாலும் அப்படியே நெசமா இருக்கும். எழுதறது ஒரு ஆள் வேலை. ரென்பைனு ஒரு மென்பொருள் இருக்கு, டாம் ராதமெல்னு ஒருத்தர் 2004-ல வெளியிட்டது, இலவசம், இண்டி விஷுவல் நாவல்ல ரொம்பப் பேரு அதுலதான் செய்யறாங்க, அதுல எழுதத் தெரிஞ்ச யாரா இருந்தாலும் கோட் பெருசா தெரியாமயே ஒரு சாப்டர் வசனத்த உக்காத்தி வெச்சுடலாம். ஆனா படம் அப்படி வராது. ஒவ்வொரு கேரக்டருக்கும் ஸ்ப்ரைட், அதாவது ஸ்க்ரீன்ல நிக்கற உருவப் படம், வேணும், அதுலயும் சிரிக்கிற மூஞ்சி, கோவ மூஞ்சி, மழையில நனைஞ்ச ட்ரெஸ்னு தனித்தனியா. உங்க கேலரியில பூட்டு போட்டிருக்கற அந்த முழுப் படங்களத்தான் சிஜினு சொல்றாங்க, ஒண்ணு வரைய நாள்கணக்குல ஆகும். இதுல பேக்ரவுண்டு, மியூசிக், கதை ரெண்டா மூணா பிரியுற ரூட்டுக்கெல்லாம் தனித்தனி படம். சின்ன டீம்ல வரையறவங்க பெரும்பாலும் ஒரே ஒருத்தர், அவருக்கும் பகல்ல வேற வேலை இருக்கும். பணமும் எர்லி ஆக்சஸ்ல முதல் வாரம் ஒரு தடவை வரும், பெரிய தள்ளுபடி வர்றப்ப கொஞ்சம் வரும், அப்புறம் சொட்டு சொட்டாதான். மீதிப் பாதி கேம அந்தப் பணமெல்லாம் செலவானதுக்கு அப்புறம் செய்யணும். பாதிக் கிணறு தாண்டறதும்பாங்களே, அது இதான்.

இதையும் மீறி முடிச்சுக் காட்டினவங்க இருக்காங்க. கட்டாவா ஷோஜோனு ஒண்ணு, வயசு வந்தவங்களுக்கானது, மாற்றுத்திறனாளி மாணவர்கள் படிக்கிற ஸ்கூல்ல நடக்குற கதை. ராய்தாங்கற ஜப்பான் ஓவியர் 2000-ல வரைஞ்ச ஒரே ஒரு ஸ்கெட்ச் பக்கத்தப் பாத்துட்டு, 2007 ஜனவரியில இன்டர்நெட்ல பேசிக்கிட்டிருந்த ஆளுங்க, வேற வேற நாட்டுக்காரங்க, நாமளே இதச் செய்யலாமேனு சேந்தாங்க. 2009 ஏப்ரல்ல முதல் பகுதிய மட்டும் குடுத்தாங்க, முழுசா வந்தது 2012 ஜனவரி 4. அஞ்சு வருஷம், சம்பளம் கிடையாது, கடைசில கேமையும் இலவசமாவே குடுத்தாங்க. அஞ்சு பொண்ணுங்க கதைய அஞ்சு பேர் பிரிச்சு எழுதினாங்க, அதனால ஒருத்தர் தளர்ந்தாலும் மத்த ரூட் நிக்கல. ஜப்பான்ல செஞ்சது இன்னொண்ணு, ஹிகுராஷி. ரியூகிஷி07-ங்கறவரோட சின்ன குழு, 2002 ஆகஸ்ட்ல இருந்து 2006 ஆகஸ்ட் வரைக்கும் டோக்கியோவுல ரசிகருங்க சொந்தமா செஞ்சத விக்கற காமிக்கெட் விழாவுல ஒவ்வொரு பகுதியா வித்து எட்டு பகுதியும் முடிச்சாங்க. ஸ்ப்ரைட் எல்லாம் அவரே வரைஞ்சாரு, அந்தக் கைவிரல்களப் பாத்தா ஓவியம் படிச்சவர் இல்லன்னு உடனே தெரிஞ்சுடும், பேக்ரவுண்டுக்கு ஃபோட்டோ எடுத்து ஃபில்டர் போட்டு வெச்சுக்கிட்டாரு. படத்துல விட்டுக் குடுத்தாரு, கதைய நிறுத்தல. சின்ன டீம் யாரு கேட்டாலும் நான் மொதல்ல இதத்தான் சொல்லுவேன், அழகா வரலன்னாலும் பரவால்ல, முடிவு தெரியணும்.

அதே ரியூகிஷி07-தான் 2019 அக்டோபர்ல சிகோனியானு புதுசா ஒண்ணோட முதல் பகுதிய வெளியிட்டாரு. ரெண்டாவது பகுதி 2020-ல வர வேண்டியது, கொரோனா வந்துச்சு, தள்ளிப் போச்சு, தள்ளிப் போனது தள்ளிப் போனதுதான். நடுவுல அவர் சைலன்ட் ஹில் எஃப் கேமுக்குக் கதை எழுதி அது 2025-ல வந்துடுச்சு. எட்டு பகுதிய நாலு வருஷத்துல முடிச்ச மனுஷனுக்கே இப்படி ஆகுதுன்னா இது வெறும் சோம்பேறித்தனம்னு சொல்லிட முடியாது. வெனிசுவேலாவுல இருந்து வந்த வால்ஹல்லானு ஒரு பார் கவுண்டர் கேம், 2016, எனக்கு உயிரு, அதோட அடுத்த கேம் 2018-ல அறிவிச்சு 2020-ல வரும்னாங்க, இன்னும் காத்துட்டிருக்கேன். சுகிஹிமேனு ஒரு ஜப்பான் விஷுவல் நாவலோட ரீமேக் 2008-ல சொன்னது, அதுல முதல் பாதியே 2021-லதான் வந்துச்சு. லேட் ஆகறது இந்த உலகத்துல சகஜம், அதுக்கு நான் கோவிச்சுக்கறதில்ல, முடியாமப் போனாக்கூட கோவிச்சுக்க மாட்டேன்.

உங்க விஷயத்துல நான் கோவப்படறது ரெண்டுக்கு. ஒண்ணு, மூணு வருஷமா ஒரு வரி சொல்லல. ரெண்டு, சொல்லாமயே விக்கிறாங்க, அதுவும் க்ராஷ் ஆகுற கேம, ‘6 சாப்டர்’ங்கற பழைய விவரத்த மாத்தாம. கிக்ஸ்டார்ட்டர் சைட்ல மக்கள்கிட்ட முன்கூட்டியே பணம் திரட்டற ஆளுங்களுக்கே விதியில எழுதியிருக்கு, முடிக்க முடியலன்னா என்ன வேலை நடந்துச்சு, பணம் எப்படி செலவாச்சு, எது தடுத்துச்சுன்னு பணம் குடுத்தவங்களுக்கு விளக்கணும், மிச்சம் இருந்தா திருப்பித் தர முன்வரணும்னு. முடிச்சே ஆகணும்னு யாரையும் கட்டிப் போட முடியாது, ஆனா சொல்லிட்டுப் போகலாம். நீங்க காத்திருக்கறதா வேணாமாங்கறது உங்க முடிவு, அந்த முடிவ எடுக்க விடாம மூணு வருஷமா உங்கள அந்த ஸ்டேஷன்லயே நிக்க வெச்சிருக்காங்க, அது தப்பு, ஐநூறு ரூபாயா ஐயாயிரமாங்கறது இதுல விஷயமே இல்ல.

இப்ப செய்ய வேண்டியது. கேம் ஃபோல்டர முழுசா ஒரு பென்டிரைவ்ல காப்பி எடுத்து வைங்க, சேவ் ஃபைல் பெரும்பாலும் தனி எடத்துல இருக்கும், ரென்பை கேம்னா விண்டோஸ்ல ஆப்டேட்டா ஃபோல்டருக்குள்ள ரென்பைனு இருக்கும், அதையும் சேத்து எடுங்க. அப்புறம் அவங்களுக்கு ஒரு மெயில் போடுங்க. ‘எப்ப வரும்’னு கேக்காதீங்க, அத ஆயிரம் பேர் கேட்டிருப்பாங்க, அந்தக் கேள்வியப் பாத்தாலே இன்பாக்ஸ மூடிடுவாங்க. ‘ஸ்டேஷன்ல அவரு என்ன சொன்னாரு’ன்னு மட்டும் கேளுங்க. ஸ்கிரிப்ட் முடிஞ்சதுன்னு சொன்னாங்கல்ல, அப்ப அந்த வரி எங்கயோ ஒரு ஃபைல்ல இருக்கு. பதில் வரலாம், வராமயும் போகலாம், ஆனா அந்தக் கேள்விக்கு பதில் சொல்றது அவங்களுக்கும் சுலபம்.

நானும் இதே மாதிரி ஒரு எர்லி ஆக்சஸ் கேம்ல மாட்டினேன் அண்ணே, வாங்கி எட்டு மாசம் ஆச்சு. இப்ப ரீஃபண்ட் கேட்டா, வாங்கின ஸ்டீம் ஆன்லைன் கடை குடுக்குமா? (வாசகர், நாகர்கோவில்)

கஷ்டம். வாங்கி 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குக் கம்மியா ஆடியிருந்தா குடுப்பாங்க, எர்லி ஆக்சஸுக்கும் அதே கணக்குதான். அதத் தாண்டியும் கேட்டுப் பாக்கலாம், பாப்பாங்க, ஆனா நம்பி உக்காராதீங்க. எர்லி ஆக்சஸ் விளக்கத்துலயே சில டீமால முடிக்க முடியாமப் போகலாம், இப்ப இருக்கற நிலைமை பிடிச்சிருந்தா மட்டும் வாங்குங்கன்னு ஸ்டீமே சொல்லுது. விஷுவல் நாவலுக்கு இந்த அறிவுரை பாதிதான் பொருந்தும்னு எனக்கு எப்பவுமே ஒரு மனக்குறை, ஏன்னா பாதிக் கதைய ‘இப்ப இருக்கற நிலைமையில பிடிச்சிருக்கு’ன்னு யாரால சொல்ல முடியும்.

ஒரு நல்ல விஷயம், 2025 பிப்ரவரியில இருந்து எர்லி ஆக்சஸ் கேம்ல 12 மாசத்துக்கு மேல அப்டேட் இல்லன்னா, கடைசி அப்டேட் வந்து இத்தன மாசம் ஆச்சு, இங்க சொல்லியிருக்கற திட்டமெல்லாம் பழசா இருக்கலாம்னு ஸ்டோர் பக்கத்துலயே ஸ்டீம் காட்டுது. அடுத்த தடவை வாங்குறப்ப அதப் பாருங்க. இந்த தடவைக்கு ஒரு ரிவ்யூ எழுதுங்க, வாய்க்கு வந்தத எழுதாதீங்க, எத்தன சாப்டர் இருக்கு, எந்த எடத்துல நிக்குது, கடைசி அப்டேட் எந்த மாசம், இந்த மூணு விஷயம் மட்டும் தெளிவா இருக்கணும். திட்டி எழுதினா ஏதோ கோவக்காரன்னு தாண்டிப் போயிடுவாங்க, தேதிய எழுதினா நின்னு படிப்பாங்க.

ஒரு விஷுவல் நாவல் டெவலப்பருக்கு பேட்ரியான்ல (படைக்கிறவங்களுக்கு மாசாமாசம் பணம் குடுக்கற சைட்) ரெண்டு வருஷமா மாசம் 5 டாலர் குடுத்துட்டு வரேன். முதல் வருஷம் மாசம் ஒரு சீன் வந்துச்சு. இப்ப மாசாமாசம் ‘உடம்பு சரியில்ல, அடுத்த மாசம் கண்டிப்பா’ன்னு ஒரு நோட்டு மட்டும் வருது. நிறுத்தினா அவங்க கஷ்டத்துல கைவிட்ட மாதிரி ஆயிடுமோன்னு மனசு கேக்கல. (வாசகர், சேலம்)

உங்க மனசு நல்ல மனசு. ஆனா ஒண்ணு கவனிங்க, வேலை நடக்காத மாசத்துக்கு யாருக்கும் காசு போகாத மாதிரி பில்லிங்க நிறுத்தி வைக்கற வசதி பேட்ரியான்ல படைக்கிறவங்களுக்கே இருக்கு. உடம்பு முடியாம அதப் போட்டு வெச்சுட்டு ஓய்வெடுத்த ஆளுங்கள எனக்குத் தெரியும், திரும்பி வந்தப்ப மொத்தப் பேரும் கூடவே இருந்தாங்க. உங்க ஆளு அதப் போடல, நோட்டு மட்டும் போடறாரு. அவருக்கு நெசமாவே உடம்பு முடியலன்னு வெச்சுக்கிட்டாலும், உதவினு நினைச்சு குடுக்கறதுன்னா உதவினு மனசுல வெச்சுக் குடுங்க, கேம் வரும்னு குடுக்காதீங்க. கேமுக்காகத்தான் குடுக்கறீங்கன்னா இந்த மாசமே நிறுத்துங்க, நிறுத்தறப்ப காரணம் எழுத இடம் இருந்தா ‘வேலை ஆரம்பிச்சா திரும்ப வரேன்’னு எழுதிட்டு வாங்க. அது கைவிடறது ஆகாது.

பத்து வருஷத்துக்கு முன்னாடி ஆடின ஒரு குட்டி விஷுவல் நாவல், முடிஞ்ச கேம்தான், மறுபடி ஆடலாம்னு பாத்தா புது மேக்ல தொறக்கவே மாட்டேங்குது. செஞ்சவங்க சைட்டே இப்ப இல்ல. வழி இருக்கா? (வாசகி, சென்னை)

2019-ல கேட்டலினாங்கற மேக் ஓஎஸ் வந்தப்ப, மேக்ல 32-பிட்ங்கற பழைய வகை ஆப் எல்லாத்தையும் ஆப்பிள் மொத்தமா நிறுத்திடுச்சு, பழைய கேம் பல தூங்கிப் போனது அப்பத்தான். முடிஞ்ச கேமையும் யாராவது அப்பப்ப எடுத்துத் தூசு தட்டிக்கிட்டே இருக்கணும், இல்லன்னா இப்படித்தான் ஆகும், இதுவும் ஒரு கைவிடல்தான், சத்தம் வராத கைவிடல். உங்க கேம் ரென்பையில செஞ்சதுன்னா ஒரு வழி இருக்கு. ரென்பை சைட்ல இருந்து அந்த மென்பொருள இறக்கி, கேமுக்குள்ள இருக்கற ‘கேம்’ங்கற ஃபோல்டர அதுல ஒரு ப்ராஜெக்ட் மாதிரி வெச்சு ஓட்டிப் பாருங்க. பழைய ரென்பை, பைத்தான்ங்கற கோட் மொழியோட 2-ஆம் பதிப்புல இருந்துச்சு, ரென்பை 8-ல இருந்து பைத்தான் 3, அதனால புதுசுல அடம் பிடிச்சா 7-ஆம் வரிசைய இறக்கி முயற்சி பண்ணுங்க. பழைய விண்டோஸ் லேப்டாப் ஏதாவது வீட்டுல கெடந்தா அது இன்னும் சுலபம். நான் மேல சொன்ன கட்டாவா ஷோஜோவும் பழைய ரென்பையில மாட்டிக்கிட்டிருந்துச்சு, ரசிகருங்கதான் உக்காந்து புது ரென்பைக்கு மாத்தி ரீ-இன்ஜினியர்டுன்னு பேரு வெச்சு வெளியிட்டாங்க. உங்க குட்டி கேமுக்கு அப்படி யாரும் இல்லாம இருக்கலாம், அதனால ஒரு தடவை ஓடிடுச்சுன்னா அந்த ஃபோல்டரப் பத்திரமா வைங்க, உலகத்துல மிச்சம் இருக்கற நல்ல காப்பி உங்ககிட்ட இருக்கறதா கூட இருக்கலாம்.

அண்ணா, உங்களுக்கு வர்ற கடிதமெல்லாம் வாங்கினவங்க எழுதறது. நான் விட்டுட்டுப் போன ஆளு. காலேஜ் முடிச்ச வருஷம் நானும் என் ஃப்ரெண்டும் சேந்து ஒரு விஷுவல் நாவல் ஆரம்பிச்சோம், ஒரு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல டீக்கடை வெச்சிருக்கற அம்மா, கடைய விக்கச் சொல்ற பையன், அவ்ளோதான் கதை. இட்ச்ங்கற இண்டி கேம் சைட்ல மூணு சாப்டர் போட்டோம், விலை 2 டாலர். கொஞ்சப் பேர்தான் வாங்கினாங்க, ஆனா வாங்கினவங்க ரொம்ப அன்பா எழுதினாங்க. அப்புறம் வரைஞ்சுட்டிருந்த ஃப்ரெண்டுக்கு பெங்களூர்ல வேலை, எனக்கு அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு. மொதல்ல ரெண்டு மாசம் தள்ளினேன், அப்புறம் ஆறு மாசம், அப்புறம் வெட்கமாயிடுச்சு, லாகின் பண்றதே இல்ல. போன வாரம் அந்த ஃபைலத் தொறந்து பாத்தேன், ‘லேபிள் சாப்டர்4’னு எழுதி அதுக்குக் கீழ ஒரே ஒரு வரி, ‘ரிட்டர்ன்’, அதாவது சாப்டர் ஆரம்பிச்ச உடனே முடிஞ்சுடுது. அம்மா கடைய வித்தாங்களா இல்லையான்னு ரெண்டு பேர் இன்னும் நாலஞ்சு மாசத்துக்கு ஒரு தடவை கேட்டுட்டே இருக்காங்க. நான் மறுபடி செய்யப் போறதில்லன்னு எனக்குத் தெரியும். இப்பப் போய் என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டு பேசறது? (பேரும் ஊரும் வேண்டாம்)

தம்பி, நீங்க எழுதினதே எனக்குப் பெரிய சந்தோஷம், இந்தப் பக்கத்துல இருந்து ஒருத்தரும் பேசறதில்ல. கோயம்புத்தூர் வாசகிக்கு நான் எழுதினதப் படிச்சுட்டு உங்களுக்கு வலிச்சிருக்கும், இருந்தாலும் அத மாத்திச் சொல்ல மாட்டேன், வேலையும் அப்பா உடம்பும் நிறுத்தறதுக்கு நியாயமான காரணம், சொல்லாம இருக்கறதுக்கு இல்ல. நீங்களே வரிசையா எழுதியிருக்கீங்க பாருங்க, ரெண்டு மாசம், ஆறு மாசம், அப்புறம் வெட்கம். பெரும்பாலான கேம் இந்த மூணாவது எடத்துலதான் சாகுது. நாள் ஆக ஆக சொல்ல வேண்டிய விஷயம் பெருசாயிட்டே போற மாதிரி தோணும், அதனால பெரிய அப்டேட்டோட போய் நின்னாத்தான் மரியாதைனு நினைப்போம், பெரிய அப்டேட் வராது, வாய் இன்னும் இறுகிடும். வாங்கினவங்க பக்கத்துல இருந்து பாத்தா அந்த விஷயம் அன்னைக்கு எவ்ளோ சின்னதா இருந்துச்சோ இன்னைக்கும் அவ்ளோதான், நிறுத்தியாச்சு, அவ்ளோதானே.

இன்னைக்கு ராத்திரியே லாகின் பண்ணுங்க. பழைய கமென்ட் எதையும் படிக்காதீங்க, படிச்சா எழுத மாட்டீங்க. மொதல்ல விலைய பூஜ்யம் ஆக்குங்க, இட்ச்ல அது ரெண்டு நிமிஷ வேலை, முடியாத கதைக்கு இனிமே ஒருத்தர்கிட்டயும் காசு வாங்கக் கூடாது. கேம் பக்கத்துல மேலயே ‘மூணு சாப்டர் மட்டும், இதுக்கு மேல வராது’ன்னு போடுங்க. அந்தப் பக்கத்துல ரிலீஸ் நிலைமைனு ஒரு இடம் இருக்கும், அதுல நிறுத்தியாச்சுன்னு மாத்துங்க. அப்புறம் ஒரு போஸ்ட், நீளமா வேண்டாம், மன்னிப்ப ஒரு தடவை கேட்டாப் போதும், பத்து தடவை கேட்டா படிக்கிறவங்க உங்கள சமாதானப்படுத்த வேண்டி வரும், அது அவங்க வேலை இல்ல. இப்படி எழுதலாம்: ‘நானும் என் ஃப்ரெண்டும் இந்த கேம நிறுத்திட்டோம். அப்பவே சொல்லியிருக்கணும், சொல்லல, மன்னிச்சுடுங்க. இனிமே சாப்டர் வராது. மிச்சக் கதை எங்க மனசுல எப்படி இருந்துச்சோ அப்படியே கீழ எழுதியிருக்கேன்.’ பேரு போடணுமா வேண்டாமாங்கறது உங்க இஷ்டம். அப்பா உடம்பு பத்தி சொல்லணும்னு கட்டாயம் இல்ல, சொன்னாலும் ஒரு வரிக்கு மேல வேண்டாம்.

அந்த ‘மிச்சக் கதை’தான் முக்கியம், அத விட்டுடாதீங்க. படம் இல்ல, மியூசிக் இல்ல, வசனம் கூட முழுசா இல்லன்னாலும் பரவால்ல, நாலு பக்கத்துல சுருக்கமா எழுதுங்க, இந்த சாப்டர்ல இது நடக்கும், பையன் ரூட்ல போனா இப்படி முடியும், அம்மா ரூட்ல போனா இப்படின்னு. கல்கி 1954 டிசம்பர்ல காலமானப்ப அமரதாரா தொடர் பாதியில நின்னுச்சு, அவர் விட்டுப் போன குறிப்ப வெச்சு அவர் மகள் ஆனந்திதான் முடிச்சாங்க. குறிப்பு இருந்ததாலதான் முடிஞ்சது. உங்க கதையையும் நாளைக்கு யாராவது எடுத்து முடிக்கலாம், முடிக்காமயும் போகலாம், வழிய அடைச்சு வைக்காதீங்க. யாராவது தொடரலாம்னா அதையும் போஸ்ட்லயே எழுதிடுங்க, எழுதலன்னா நல்ல மனசுக்காரங்க தொடத் தயங்குவாங்க. ஃபைலத் தர்றதுன்னா வரைஞ்ச ஃப்ரெண்டுகிட்ட மொதல்ல கேளுங்க, படம் அவரோடது. மியூசிக் வெளியில இருந்து வாங்கியிருந்தீங்கன்னா அத எடுத்துட்டுத் தாங்க.

ரெண்டு மூணு பேர் திட்டுவாங்க, அதுக்குத் தயாரா இருங்க, பதில் சொல்ல வேண்டாம். மத்தவங்க பெரும்பாலும் ‘சொன்னதுக்கு நன்றி’னுதான் எழுதுவாங்க. எனக்கே ஒரு அனுபவம், பல வருஷம் முன்னாடி நான் பணம் போட்ட ஒரு கேம், பேர் வேண்டாம், ரெண்டரை வருஷம் சத்தமே இல்லாம கிடந்துட்டு ஒரு நாள் காலையில மெயில் வந்துச்சு, முடியல, நிறுத்திட்டோம், கடைசி சீன் இப்படித்தான் இருந்திருக்கும்னு ஒன்றரைப் பக்கம். பஸ்ல நின்னுக்கிட்டே படிச்சேன், எறங்க வேண்டிய ஸ்டாப்ப விட்டுட்டேன். அதுக்கப்புறம் அந்த கேம நினைச்சா கோவம் வரல, அந்தக் கடைசி சீன்தான் ஞாபகம் வருது.

ரிட்டர்ன்னு இருக்கற அந்த வரிக்கு மேல வேற ஒண்ணும் எழுத முடியலன்னாலும் இத மட்டுமாவது எழுதுங்க, அம்மா கடைய வித்தாங்களா இல்லையா. கேட்டுட்டே இருக்கற அந்த ரெண்டு பேருக்கும் தனியா லிங்க் அனுப்புங்க, எனக்கும் ஒண்ணு.